வெளியூர் ரத்தம்

ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? உன் கோபம் நலமா என்று கேட்கமாட்டேன். அது என்றைக்குமே நலம்தான்.

இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று நீயே பார்த்திருப்பாய். இங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட விழாது. தபால்காரர் மனம் வைத்தால் வருவார். அதனால் ரத்தக் குழாய்கள் போகும் ஐஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பெட்டி எப்படியும் ஆய்வகத்தில் உன் மேசைக்குத்தான் வரப்போகிறது. காலிப் பெட்டி திரும்பும்போது நீயும் அதே இடத்தில் பதிலை ஒட்டி அனுப்பு. விதிப்படி இது தப்பு என்று நீ ஆரம்பிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

எனக்கு ஒரு மாடி அறை கிடைத்திருக்கிறது. கீழே வீட்டுக்காரம்மா, அவர் மகன், போன வருடம் கல்யாணமாகி வந்த மருமகள். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறோம். மதியம் அதைச் சுழற்றிச் சீரம் பிரிக்கிறோம். அந்த எந்திரம் போடும் சத்தத்தில் தெருவே காதைப் பொத்திக்கொள்கிறது. ஆடு வளர்க்கும் ஒருவர், "இவ்வளவு ரத்தத்தை எங்க கொண்டுபோய் விக்கறீங்க?" என்று கேட்டார். கொசுவோ உண்ணியோ கடித்து எப்போதாவது ஒரு வைரஸ் உள்ளே போயிருந்தால் உடம்பு அதை மறக்காது, அதற்கான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னேன். "அப்ப என் வீட்டுக்காரிகிட்டயும் எடுங்க. அவளும் எதையும் மறக்கமாட்டா" என்றார்.

நேற்று என் கையிலும் ஒரு ஊசி ஏறியது. எதற்கு என்று கேட்காதே. எல்லாம் எங்கள் மேற்பார்வையாளரின் சோம்பேறித்தனம்.

இப்போது உட்கார்ந்துகொள். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் பரிசோதித்துப் பார்த்தேன். கர்ப்பம்தான். ஆறு வருடமாக இதற்காக நான் பட்ட பாடெல்லாம் உனக்குத் தெரியும். கர்ப்பிணிகளை இந்தக் களப்பணிக்கு அனுப்பக்கூடாது என்ற விதியும் தெரியும். ஆனால் இந்த ஒரு கணக்கெடுப்பை முடித்தால்தான் வேலை நிரந்தரம். பாதியில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. உன் மாப்பிள்ளைக்குக் கப்பலுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே. நம் ஆய்வக இயக்குநரம்மாவிடம் சத்தியமாகச் சொல்லாதே.

பத்திரமாக இருக்கிறேன் என்று நம்பு.

உன் தங்கை

ஜூன் 20

அன்புள்ள வாலு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலித்தால் மறுநாள் மழை வருகிறது, அந்த அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. அண்ணி என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

முதலில் விதி. ரத்தப் பெட்டியில் கடிதம் வைப்பது தப்பு. சொல்லிவிட்டேன். நானும் அதையே செய்வதால் இனி அதைப் பற்றிப் பேசமாட்டேன்.

இரண்டாவது விஷயத்தைப் படித்துவிட்டு ஆய்வக வராந்தாவில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நடந்துகொண்டிருந்தேன். காவலாளி வந்து, "சார், ஏதாவது கொட்டிடுச்சா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், வாலு. அதே நேரத்தில் கவலையும் வந்துவிட்டது. அந்த விதியைச் சும்மா போடவில்லை. கொசு கொண்டுவரும் வைரஸ்களில் ஒன்று வயிற்றிலிருக்கும் பிள்ளை வரை போகும். உடனே திரும்பி வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீ வந்துவிடுவாயா என்ன. முழுக்கைச் சட்டை, பகலிலும் கொசு மருந்து, தூங்கும்போது வலை. இதில் ஒன்று குறைந்தாலும் நான் இயக்குநரம்மா அறைக்குள் போய்விடுவேன். உனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்பதை மறக்காதே.

உங்கள் குழாய்கள் நல்ல நிலையில் வந்தன. ஒவ்வொரு ரத்தத்துக்கும் தட்டில் ஒரு சின்னக் குழி, கொசு வைரஸுக்கு ஒரு வரிசை, உண்ணி வைரஸுக்கு ஒரு வரிசை. அந்த வைரஸை உடம்பு முன்பே பார்த்திருந்தால் குழி மஞ்சளாகும், இல்லையென்றால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். பெட்டிக்கு ஒன்று வீதம் வரும் நெகட்டிவ் டியூப்தான் எனக்கு உயிர். அந்தப் பகுதியிலேயே வசிக்காத வெளியூர் ஆளின் ரத்தம். அது தெளிவாக இருந்தால்தான் மற்ற மஞ்சளையெல்லாம் நம்ப முடியும். இதுவரை தெளிவு. உங்கள் மேற்பார்வையாளர் அந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறார் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூலை 18

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எப்படி? வாந்தி மட்டுப்பட்டுவிட்டது. சாப்பாட்டின் வாசனை இப்போது எதிரியில்லை.

இந்த ஊருக்கு நாங்கள் பழகிப்போய்விட்டோம். ஆட்டுக்காரர் அவராகவே நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். அதன் காதிலிருந்து உண்ணிகளை இடுக்கியால் எடுத்துச் சீசாவில் போட்டேன். ஒவ்வொன்றும் ஊதிப்போய்க் கிடந்தது. அவருடைய ரத்தத்தில் உண்ணி வைரஸின் வரிசை நன்றாக மஞ்சளாகும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

வெயிலும் புழுக்கமும் தாங்கவில்லை. தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால் எல்லா வீட்டிலும் தொட்டி, வாளி, அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறார்கள். மூடி இருப்பது அபூர்வம். பக்கெட்டின் அடியில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் காட்டினால், அது தண்ணீரைச் சுத்தம் செய்கிற பூச்சி என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். கீழ்வீட்டு மருமகள் பகலில் என் அறைக்கு வெளியே மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறாள். நல்ல பெண். என்னை அக்கா என்று கூப்பிட்டு, சீரம் பிரிப்பதை வேடிக்கை பார்ப்பாள்.

போன வாரம் சில நாள் உடம்பு லேசாகச் சுட்டது. கண் கொஞ்சம் சிவந்து, கையெல்லாம் தடிப்பு. வேர்க்குரு என்றார்கள். போய்விட்டது. அதற்காக நீ வராந்தாவில் நடக்கவேண்டாம்.

செவ்வாய்க்கிழமையானால் என் இடது கையிலும் ஒரு ஊசிப் புள்ளி சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றி நேரில் சொல்லிச் சிரிக்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

வாலு

ஆகஸ்ட் 9

அன்புள்ள வாலு,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். இனி எழுதப்போவது உன் மேல் உள்ள கோபம் இல்லை. உங்கள் மேற்பார்வையாளர் மேல்.

உன் பந்தயத்தில் நீ ஜெயித்தாய். ஆடு வைத்திருக்கும் வீடுகளில் உண்ணி வரிசை மஞ்சள். கொசு வரிசையில் நினைத்ததைவிட அதிகம். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வந்த பெட்டியின் தட்டைப் பார்த்தேன். நெகட்டிவ் டியூப் மஞ்சள்.

கழுவியதில் தவறோ என்று திரும்பச் செய்தேன். மஞ்சள். வேறு தட்டில், வேறு கரைசலில், என் கையாலேயே செய்தேன். மஞ்சள். அப்படியென்றால் உங்கள் பக்கம் யாரோ ஒரே குழாயால் இரண்டு ரத்தத்தை எடுத்திருக்கிறீர்கள், அல்லது உள்ளூர் ஆளிடம் எடுத்து வெளியூர் என்று ஒட்டியிருக்கிறீர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் இங்கே வேலை பார்க்கிறேன். அவர் அங்கே காதில் பூ சுற்றுகிறார்.

அந்த ரத்தம் யாருடையது என்று அவரைக் கேட்டு எழுது. உடனே எழுது. மருத்துவரிடம் போனாயா? அதையும் எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணா,

நலம். அவசரமாக எழுதுகிறேன், பெட்டி கிளம்பப் போகிறது.

மஞ்சளானது எந்த வரிசை? உண்ணியா, கொசுவா? கொசு என்றால் எந்த வைரஸ் என்று தட்டே சொல்லிவிடுமா? அல்லது நிச்சயமாகச் சொல்ல வேறு ஏதாவது பரிசோதனை உண்டா? அதை மட்டும் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

வாலு

ஆகஸ்ட் 24

அன்புள்ள வாலு,

எல்லோரும் சுகம். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் உருப்படியான கேள்வி. அதற்காகவே முழுசாகப் பதில் எழுதுகிறேன்.

கொசு வரிசைதான். உண்ணி வரிசை சுத்தம். எந்த வைரஸ் என்று தட்டு சொல்லாது. டெங்குவும் ஜிகாவும் பங்காளிகள். முகஜாடை ஒன்றாக இருக்கும். ஒன்றைப் பார்த்து உருவான எதிர்ப்பொருள் மற்றதையும் பிடித்துக்கொள்ளும், குழி இரண்டுக்கும் மஞ்சளாகும். முதல் பங்காளி காய்ச்சலில் படுக்கவைப்பான். இரண்டாவது ஆள் பெரியவர்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்யமாட்டான், லேசான காய்ச்சல், தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் உனக்கு நான் முதல் கடிதத்தில் சொன்னேனே, வயிற்றுப் பிள்ளை வரை போவது அவன்தான். பிள்ளையின் தலை வளராமல் நின்றுவிடலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. யார் என்று நிச்சயமாகத் தெரிய உயிருள்ள வைரஸோடு அந்த ரத்தத்தைச் சேர்த்து, யாரை அது தடுக்கிறது என்று பார்க்கவேண்டும். நாளாகும்.

இந்த வாரப் பெட்டியிலும் நெகட்டிவ் டியூப் மஞ்சள். போனதைவிட அழுத்தமான மஞ்சள்.

செப்டம்பர் 22 அன்று இயக்குநரம்மா கூட்டம் வைத்திருக்கிறார். நெகட்டிவுக்கு விளக்கம் சொல்ல முடியாவிட்டால் உங்கள் ஊரின் குழாய்கள் மொத்தத்தையும் குப்பையில் போடுவதாக முடிவு. நீங்கள் குத்திய ஒவ்வொரு கையும் வீண். அதிலும் இன்னொரு சங்கடம். மஞ்சளாக இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வைரஸ் எப்போது வந்தது என்று இந்தப் பரிசோதனை சொல்லாது. போன மாதமாக இருக்கலாம், பத்து வருடம் முன்பாகவும் இருக்கலாம். பழைய கதை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதனால் அவசரமில்லை என்கிறார்கள்.

யாருடைய ரத்தம் அது? நீ இன்னும் எழுதவில்லை.

அண்ணன்

செப்டம்பர் 8

அன்புள்ள வாலு,

வரிசையாகப் பெட்டிகள் வந்துவிட்டன. ரத்தம் இருக்கிறது, கடிதம் இல்லை. மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன், ஒட்டிய பசைத் தடம் மட்டும் இருக்கிறது. டிரைவரைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க சார், கொஞ்சம் பேச்சைக் குறைச்சுட்டாங்க" என்றார். நீ பேச்சைக் குறைத்தாய் என்றால் எனக்குச் சாப்பாடு இறங்குமா?

மேற்பார்வையாளரைப் பற்றி இனி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அவரைத் திட்டி எழுதியதையும் மறந்துவிடு.

இந்தப் பெட்டியில் ஒரு வலை வைத்திருக்கிறேன். இரட்டைக் கட்டில் அளவு. அண்ணி தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, ஆனால் சின்னச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஒரு உதவி. அடுத்த பெட்டியில் நெகட்டிவ் டியூபைக் கொஞ்சம் பெரிய குழாயில் அனுப்பு. புதிதாக எடுத்தது வேண்டும். யாருடையது என்று எழுதவேண்டாம். எனக்கு அந்த ரத்தம் நிறைய தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. அம்மா தினமும் உன்னைப் பற்றிப் பேசுகிறாள்.

உன் அண்ணன்

செப்டம்பர் 17

அண்ணா,

நீ நலமாக இருக்கவேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பெரிய குழாய் கேட்டாய். அனுப்பியிருக்கிறேன். நீ எழுதவேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். அந்த ரத்தம் என்னுடையது. முதல் பெட்டியிலிருந்து எல்லாமே என்னுடையதுதான்.

நெகட்டிவ் டியூபுக்கான ரத்தத்தை எங்கள் சாமான் கிடங்கு இருக்கும் தூரத்து ஊரிலிருந்து மேற்பார்வையாளர் எடுத்து வரவேண்டும். பாதை மோசம், அவருக்கு அலுப்பு. முதல் வாரமே என்னைப் பார்த்து, "நீங்க வெளியூர்தானே, நீங்களே குடுத்துடுங்க" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் ரத்தம் சுத்தம் என்று நீயே எழுதினாய். வாரம் தவறாமல் கையை நீட்டினேன். இங்கேயே தண்ணீர் குடித்து, இங்கேயே தூங்கி, இங்கேயே கடி வாங்கிக்கொண்டு, இன்னும் நான் வெளியூர்க்காரி என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். கொசுவுக்கு அது தெரியவில்லை.

ஜூலையில் வந்தது வேர்க்குரு இல்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் யாரிடமாவது சொன்னால் கர்ப்பத்தைச் சொல்லவேண்டும். அதனால் டியூபை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். நீ நெகட்டிவ் தெளிவு என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டேன். உனக்குத் தெரியாமல் உன்னையே எனக்குப் பரிசோதனை செய்யவைத்தேன். நீ கோபத்தோடு மஞ்சள் என்று எழுதிய கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.  பிள்ளையின் தலை வளராமல் நின்றுவிடலாம் என்று நீ எழுதிய வரியைப் பிறகு படிக்கவே இல்லை, மடித்தே வைத்திருக்கிறேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், கீழ்வீட்டு மருமகள். முந்தாநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கிட்டே வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், அத்தைகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஊர்ல எல்லாருக்கும் ரத்தம் பாக்கறீங்களே. இந்த ஊர்ல ஏதாவது இருக்கா? நான் பயப்படணுமா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ நிம்மதியா இரு" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ எழுதியிருந்தாயே, எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது, பழைய கதை என்று நினைக்கிறார்கள் என்று. எனக்குத் தெரியும், அண்ணா. ஜூனில் தெளிவு, ஆகஸ்டில் மஞ்சள். அந்த வைரஸ் இப்போது, இந்தத் தெருவில், இந்தத் தொட்டிகளில் இருக்கிறது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி என் கை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் அதே மாடியில் வலை இல்லாமல் படுத்திருக்கிறாள். நீ அனுப்பிய வலையை அவளுக்குக் கட்டிவிட்டேன். கொசு கடிக்காமல் இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அவளிடமும் ஒரு குழாய் எடுத்தேன். பெட்டியில் வலது ஓரத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்.

22ஆம் தேதிக் கூட்டத்தில் என் பெயர், என் கர்ப்பம், எல்லாவற்றையும் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். நீ மறைத்தாய் என்று மட்டும் சொல்லாதே.

நான் எப்படி இருக்கிறேன் என்றால், பயமாக இருக்கிறது.

உன் தங்கை

அக்டோபர் 3

என் அன்பு வாலு,

அந்தப் பெண்ணின் குழாயை முதலில் பார்த்தேன். தெளிவு. எல்லா வரிசையும் தெளிவு. அவளை வலைக்குள்ளேயே வைத்திரு.

எனக்கு முன்பே தெரியும். அழுக்குக் கலந்திருந்தால் ஒரு வாரம் மஞ்சளாகும், அடுத்த வாரம் போய்விடும். வாரத்துக்கு வாரம் படிப்படியாக ஏறாது. அப்படி ஏறுவது உயிருள்ள ஓர் ஆளின் உடம்பு மட்டும்தான். மூன்றாவது பெட்டியிலும் மஞ்சள் ஏறிய அன்றைக்கு உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன், இடது கைப் புள்ளி, தடிப்பு, சிவந்த கண். அதற்குப் பிறகுதான் வலையும் பெரிய குழாயும். நேரடியாகக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கூட்டத்தில் எழுந்து நின்று, நெகட்டிவ் டியூப் தப்பில்லை, அது என் தங்கை என்றேன். நான் மறைத்ததையும் சேர்த்தே சொன்னேன். உன் பேச்சைக் கேட்டு நடக்க நான் என்ன உன் தம்பியா.  இயக்குநரம்மா ஜூன், ஆகஸ்ட் தட்டுகள் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இது இப்ப நடந்துட்டிருக்கு" என்றார். மூன்று மாத உழைப்பில் யாருக்கும் கிடைக்காத ஒரே தேதி உன் ரத்தத்தில்தான் இருந்தது. உங்கள் ஊர்க் குழாய்களைக் குப்பையில் போடும் பேச்சு அன்றோடு முடிந்தது. தொட்டிகளுக்கு மருந்து, வீட்டுக்கு வலை, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் வேன், எல்லாவற்றுக்கும் அன்றே உத்தரவு போட்டார். உனக்கும் ஒரு உத்தரவு. இனி நீ ரத்தம் எடுக்கக்கூடாது. நிரந்தர வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தப் பிறகு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீண்ட பரிசோதனை நேற்று முடிந்தது. மூன்று முறை செய்தேன். உனக்கு முன்பு இரண்டில் எதுவும் வந்ததில்லை என்பதால் பதிலில் குழப்பமே இல்லை. இரண்டாவது பங்காளிதான், வாலு. இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்தேன்.

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்று முன்பு எழுதினேன். அது உண்மை. உனக்கு ஆறுதலாக எழுதியதில்லை, அப்போது எனக்கு அது நீ என்றே தெரியாது. அதைப் பிடித்துக்கொள். வேன் வரும்போது ஸ்கேன் செய்துகொண்டு அதே வேனில் வீட்டுக்கு வந்துவிடு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. உன் அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

உன் அண்ணன்

அக்டோபர் 20

அன்புள்ள அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. பெருக்கிய அறையைப் பூட்டி வைக்கச் சொல். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

வேன் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் நின்றது. மருந்தடிப்பவர்களை உள்ளே விட்ட ஊர், வேனைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. அதில் ஏறினால் கரு கலைந்துவிடும் என்று ஒரு பேச்சு. நோயைக் கொண்டுவந்ததே இந்த ரத்தம் எடுக்கிற பெண்தான் என்று இன்னொரு பேச்சு. கர்ப்பிணிகள் மாமியார்களோடு மைதான ஓரத்தில் வந்து நின்றார்கள், வேனுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் வரவில்லை. கீழ்வீட்டு மருமகளும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்கேன் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் நடுவில் நின்றேன். இத்தனை நாள் மேலே போட்டிருந்த பெரிய கோட்டைக் கழற்றினேன். வயிறு தெரிந்தது. 

"இந்தக் காய்ச்சல் எனக்குத்தான் வந்திருக்கு. உங்க ஊர்க் கொசுதான் கடிச்சது. நான் வரும்போது என் ரத்தம் சுத்தமா இருந்துச்சு. கதவைத் திறந்தே வெக்கச் சொல்றேன். நான் முதல்ல படுக்கறேன், எல்லாரும் வந்து பாருங்க."

படுத்தேன். வாசலில் ஒவ்வொரு முகமாக வந்து சேர்ந்தது. டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே அளந்தார்கள். இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். வேகமாக, நன்றாக இருந்தது. அதைக் கேட்டு வாசலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு டாக்டரம்மா தலையை அளந்தார்கள். மறுபடி அளந்தார்கள். கருவியை வேறு பக்கம் வைத்து மறுபடியும் அளந்தார்கள். நானும் உன்னிடம் எத்தனை தட்டுக் கதை கேட்டவள். ஒருவர் ஏன் திரும்பத் திரும்ப அளக்கிறார் என்று எனக்குத் தெரியாதா.

குனிந்து, "தலை மாசத்துக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கு" என்று ஆரம்பித்தார்கள்.

"மெதுவா சொல்லுங்க டாக்டர். அவங்க பாத்துட்டிருக்காங்க" என்றேன்.

அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள். திரையைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டு, இப்போதே எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, இப்படி இருந்து பிறகு சரியாக வளர்ந்ததும் உண்டு, வளராததும் உண்டு, விட்டு விட்டு அளந்து பார்க்கவேண்டும் என்று உதடு அசையாமல் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.  வாசலில் நிற்பவர்கள் என் கண்ணில் ஒரு சொட்டுப் பார்த்தாலும் ஒருத்தியும் ஏறமாட்டாள்.

இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டு, "வலிக்கவே இல்ல. வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அண்ணா. எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கீழ்வீட்டு மருமகள் அத்தையின் கையை விட்டுவிட்டு முதலில் ஏறினாள். அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. சாயங்காலம் வரை வேன் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிறைய அழுதேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேன் நாளைக்கு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை, அடுத்த ஊருக்குப் போகிறது. அதற்கப்புறம் இன்னொரு ஊர். அங்கேயும் இதே பேச்சு இப்போதே போய்ச் சேர்ந்திருக்கிறதாம். நான் கூடப் போகிறேன். டாக்டரம்மா ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இயக்குநரம்மாவின் உத்தரவில் ரத்தம் எடுக்கத்தான் எனக்குத் தடை, படுக்கத் தடை இல்லை. வந்த காய்ச்சல் வந்துவிட்டது, இனி அந்தப் பங்காளி என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது உனக்குத் தெரியும், அதனால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கூப்பிடாதே. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

ஒவ்வொரு ஊரிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் நான்தான் படுக்கவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் டாக்டரம்மா தலையை அளப்பார்கள். அதற்குள் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும், அண்ணா.

உன் தங்கை